தமிழில்தான் கூப்பிடுவான்

அண்ணா, கையெழுத்து என்னுடையது, பேச்சு அம்மாவுடையது. அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டே சொல்கிறார். நான் வாசற்படியில் பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். அவர் பேசுவதை அப்படியே எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அதனால் ஐந்தாம் வகுப்பு வரை வாத்தியார் கற்றுக்கொடுத்த தமிழில் மாற்றி எழுதுகிறேன், திட்டுகளில் பாதியை விட்டுவிடுகிறேன். இனி இந்தக் கடிதத்தில் 'நான்' என்று வந்தால் அது அம்மா. நடுவில் எனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், இது தங்கச்சி என்று சொல்லிவிட்டுச் சொல்கிறேன்.

சேகர், நீ சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டே எதற்குக் கேட்பது? உன் கடைசிக் கடிதத்தைத் தங்கச்சி படித்தாள். மதராஸில் கப்பல் இறங்கிய அன்றே கிடைத்த நம்ம ஊர் மாமாவின் அறையிலேயே இன்னும் தங்கியிருக்கிறேன், பாஸ்போர்ட்டையும் திரும்பி வருவதற்கான பெர்மிட்டையும் மாமாதான் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். திரும்பப் படி என்றேன். படித்தாள். அதேதான் இருந்தது. உன் அப்பா எழுந்து, வாளி இல்லாமல், கத்தி இல்லாமல், வெறுங்கையோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விட்டார். நீ எழுதியிருந்த மற்றவை அப்போது என் காதில் ஏறவே இல்லை. மோட்டார் பட்டறையில் வேலை பழகப் போகிறேன் என்று கப்பலேறினாய். இன்னும் அந்தப் பட்டறையின் வாசலைக்கூடப் பார்க்கவில்லையாம், மாமா அடுத்த மாதம் கூட்டிப்போவாராம். தீபாவளி தாண்டினால் அந்தப் பெர்மிட் வெறும் தாள். அதற்குப் பிறகு நீ மலாயாவில் பிறந்தவன், வளர்ந்தவன் என்று எந்த வாசலில் போய்க் கத்தினாலும் உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, யாருக்குத் தெரியும்? அந்தத் தாளைப் போய் இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, பத்திரம் என்று எழுதுகிறாயே.

நீ யாரிடம் வளர்ந்தாய் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். அடையாள அட்டை இல்லாமல் லயத்து வீட்டைவிட்டு ஓர் எட்டு வைக்க முடியாத தோட்டத்தில்தானே வளர்ந்தாய்? குளிக்கப் போனாலும் அட்டை, கோயிலுக்குப் போனாலும் அட்டை. மழையில் நனையக்கூடாது என்று எண்ணெய்த் துணியில் பை தைத்து உன் கழுத்தில் நான்தான் மாட்டினேன். கம்பிவேலி வாசலில் நிற்கிற மாத்தா அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது, அது திரும்பி உன் கைக்கு வரும்வரை நீ மூச்சு விடாமல் நிற்பாயே. உடுப்புப் போட்ட போலீஸ்காரனிடம் அரை நிமிஷம் கொடுக்கப் பயந்தவன், துறைமுகத்தில் பார்த்த ஒருவனிடம் மாதக்கணக்கில் கொடுத்து வைத்திருக்கிறாய். ஏன் என்று கேட்டால் உன்னிடம் என்ன பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தமிழில் பேசினார் என்பாய்.

உன்மேல் மட்டும் குற்றமில்லை, இந்த நாட்டில் நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. பசாரில் நடக்கும்போது நாலு பக்கமும் மலாயும் சீனமும் கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் ஒருவர் தமிழில் இருமினாலும் நாம் திரும்பிப் பார்ப்போம். எந்தத் தோட்டம் என்று கேட்போம். அடுத்த நிமிஷம் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று போய்விடுவோம். நீ ஐந்து வயதில் மலாக்கா பசாரில் என் கையை விட்டுவிட்டுக் காணாமல் போனது உனக்கு நினைவிருக்கும். அம்மா என்று அழுதாய். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் கடைக்காரர் காக்கா தன் மளிகைக் கடையிலிருந்து இறங்கி வந்து உன்னைத் தூக்கிப்போய் வெல்லக்கட்டி கொடுத்து உட்கார வைத்தார். நான் ஓடிவந்தபோது நீ சாக்கின்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே உன் மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது, தமிழ் பேசுகிறவன் நம்மைக் காப்பாற்றுவான் என்று. சேகர், காக்காவை நான் நம்புவது அவர் தமிழ் பேசுவதற்காக இல்லை. அவர் கடை அதே இடத்தில் இருக்கிறது. நாளைக்குப் போனாலும் இருக்கும். அவர் ஏதாவது தவறு செய்தால் பசார் முழுக்கத் தெரியும், அவருக்கும் அது தெரியும். மதராஸில் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள். ரிக்‌ஷாக்காரனும் தமிழ், போலீஸ்காரனும் தமிழ், பாக்கெட் அடிக்கிறவனும் தமிழ். அங்கே போய் நம் பசார் பழக்கத்தைக் காட்டினால் ஊர் முழுக்க உனக்கு மாமாதான்.

இது தெரியாமல் நீ மாட்டினாய் என்றால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வராது. நீ கண்ணால் பார்த்தவன். அப்பாவுக்கு நடந்ததை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய்.

அவசரகாலம் தொடங்கியிருந்த சமயம். சோறு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற உத்தரவு நம் தோட்டத்துக்கு இன்னும் வரவில்லை. காட்டில் பதுங்கியிருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாராவது ஒரு பிடி அரிசி கொடுத்தால் ஜெயில் என்று மட்டும் துரை காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்குக் காட்டோரத்து மர நிரை. ஒரு நாள் காலை பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து குரல் வந்திருக்கிறது. "அண்ணே, பசிக்குது அண்ணே" என்று. அவ்வளவுதான். மலாயில் கேட்டிருந்தால் அப்பா ஓடிவந்திருப்பார், சீனத்தில் கேட்டிருந்தால் கத்தியிருப்பார். தமிழில் கேட்டதால் சோற்று டப்பாவை வேரின்மேல் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். மறுநாள் அதே வேரின்மேல் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "பாரு, எவ்வளவு சுத்தமாக் கழுவியிருக்கான். நம்ம வீட்டுப் பையன் மாதிரி" என்று பெருமைப்பட்டார். "யாருங்க அது?" என்றேன். "யாரா இருந்தா என்னா, தமிழ்ல கேட்டான்லா" என்றார். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு பட்டாள லாரிகள் வந்தன. எல்லோரையும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். தலையில் சாக்கு மாட்டிய ஒருவனை, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை, முன்னால் கூட்டிவந்து நிறுத்தினார்கள். நாங்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனோம். அப்பா போகும்போது சாக்கு தலையாட்டியது, அவரை லாரியில் ஏற்றிவிட்டார்கள். இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த டப்பாவைக் கழுவி வைத்த கையும் சாக்குக்குள் இருந்த தலையும் ஒரே ஆளுடையதா, வேறு வேறா என்று. அப்பாவுக்கும் தெரியாது. தடுப்பு முகாமில் அவரிடம் சொன்னார்களாம், நீ இந்த நாட்டுக்காரன் இல்லை, கப்பலேற்றி அனுப்பிவிடுவோம் என்று. பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவரை, நாலு பிள்ளை பெற்று இரண்டை இந்த மண்ணில் புதைத்தவரை, அனுப்பிவிடுவோம் என்றார்கள். தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்போதுதான். நான் மரம் வெட்டப் போக, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை.

இது தங்கச்சி. அம்மா இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மீன் செதிளை வேலியோரம் கொட்டப் போயிருக்கிறார். பள்ளிக்கூடம் நின்றுபோனதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஆனால் அதை எழுத இந்தக் கடிதம் இல்லை. இதோ அம்மா வந்துவிட்டார்.

அப்பாவுக்காகப் பேசியது யார் என்று உனக்குத் தெரியும். தோட்டத்தில் தமிழ் பேசுகிற எத்தனை குடும்பம் இருந்தது? எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. வாசலில் காவல் நின்ற பாக் மான், ரெம்பியா கம்பத்து மலாய்க்காரர், நம் பேச்சு நாலு வார்த்தைகூடத் தெரியாதவர், அவர்தான் அதிகாரி முன்னால் போய் நின்றார். தினமும் இந்த ஆள் என் வாசலில்தான் போகிறார், ஒரே டப்பாதான் கொண்டுபோகிறார், அதற்குமேல் ஒரு பிடி அரிசி கொண்டுபோய் நான் பார்த்ததில்லை என்றார். "ஓராங் பாய்க், துவான்" என்று அவர் சொன்னதை நீயே வீட்டுக்கு வந்து, நல்ல மனுஷன்னு சொன்னாரும்மா என்று எனக்குச் சொன்னாய். அப்பாவைக் கப்பலேற்றவில்லை. திரும்பி வந்தார். ஆனால் வந்த பிறகு அவர் பேச்சு எவ்வளவு குறைந்துபோனது என்று நீயும் பார்த்தாய். இவ்வளவையும் பார்த்துவிட்டு நீ என்ன கற்றுக்கொண்டாய்? எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டும்.

சரி, அந்த மாமா கதைக்கு வருகிறேன். காக்காவின் மருமகன் காதர் மதராஸிலிருந்து வந்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை மளிகை வாங்கத் தங்கச்சியைத்தான் பஸ் ஏற்றி மலாக்காவுக்கு அனுப்பினேன். அங்கே நடந்ததை அவளே எழுதட்டும்.

இது தங்கச்சி. காதர் அண்ணன் என்னைக் கண்டதும், "ஒங்க அண்ணன மண்ணடியில பாத்தேன் தங்கச்சி, எளச்சுப் போயிட்டாரு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "நான் அவர்ட்ட கேக்குறேன், பக்கத்துல நிக்கிற ஆளு பதில் சொல்றாரு. சாப்டியாப்பான்னா, சாப்டாருங்கிறாரு. எப்பக் கப்பல்னா, இப்பத்திக்கு இல்லைங்கிறாரு. ஒங்க அண்ணனுக்கு வாய் இல்லையா லா?" என்று கேட்டார். காக்கா பாக்கு வெட்டிக்கொண்டே, "யாரு அந்த ஆளு?" என்றார். "மலாயாவுல இருந்தவராம் மாமா. உம்பாய் தோட்டத்துல இந்தப் புள்ளையோட அத்தாவும் அவரும் ஒரே கங்காணிகிட்ட மரம் வெட்டுனாங்களாம்." காக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உம்பாயிலயா? கடல்லயா மரம் வெட்டுனாங்க? வலையில பால் மங்கு கட்டித் தொங்கவிட்டுக் கணவா மீன்லேருந்து பால் எடுத்தாங்களா?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காக்காவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். "காக்கா, எங்க அண்ணன அந்த ஆளுகிட்டேருந்து கொண்டாரணும்" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதுதான் முதல் தடவை. காக்கா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "அட, பேசுறியே புள்ள" என்றார்.

இனி மறுபடி அம்மா பேசுகிறார்.

உம்பாய்க்கு நாம் போனது ஒரே ஒரு முறை. வேலி போடுவதற்கு முன்பு, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா நம்மை அழைத்துப்போனார். இலையில் சுட்ட மீன் சாப்பிட்டோம். உன் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது, இன்னொன்றையும் கழற்றிக் கடலுக்கே எறிந்தாய். நம் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த ஒரு நாள் என்றால் அதுதான். உன் முதல் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: 'மலாக்காவில் எந்தப் பக்கம் என்று கேட்டார், உம்பாய்க் கடல் தெரியுமா என்றேன், உம்பாய் என்ற பேரைக் கேட்டதும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.' அந்த ஊர்ப் பேரை அவன் வாயில் போட்டது நீ. நீ போட்டதை எடுத்து உனக்கே திருப்பிக் கொடுத்தான். அப்பா உம்பாயில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை என்று உனக்குத் தெரியாதா? தெரியும். கப்பலிலிருந்து இறங்கி, யாருமே திரும்பிப் பார்க்காத அந்தக் கூட்டத்தில் நின்றபோது, ஒருவன் உம்பாய் என்று சொன்னதும் உனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நான் புரிந்துகொள்கிறேன், சேகர். என் அப்பாவைக் கிராமத்திலிருந்து கப்பலுக்கு அழைத்துவந்தவனும் என் பாட்டனார் பேரைச் சொல்லித்தான் அழைத்தானாம். புரிந்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தாய். அம்மாவின் வளையலை அனுப்பினால் மாமா பட்டறையில் பங்கு வாங்கித் தருவார் என்று. எந்த வளையல்? அப்பா முகாமில் இருந்தபோது அலோர்காஜா அடகுக் கடைக்கு என்னோடு வந்தது யார்? நீதான் துணியில் சுற்றிய அந்த வளையலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். அதை மறந்துபோய் இப்போது கேட்கிறாய் என்றால், எழுதியது உன் கை, சொன்னது அவன் என்றுதான் நான் நினைக்கிறேன். உனக்குப் பதிலாக அவன் பேசுகிறான் என்று காதர் சொன்னார். இப்போது உனக்குப் பதிலாக அவன் நினைக்கவும் ஆரம்பித்துவிட்டான். யாராவது உன்னிடம் கேட்கிற கேள்விக்கு இன்னொருவன் பதில் சொன்னால், அந்த இடத்தில் நிற்காதே. இதை நான் உனக்குச் சின்ன வயதில் சொல்லித்தரவில்லை. இங்கே அப்படி யாரும் செய்யாததால் தோன்றவில்லை.

நம் தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு நிற்பதை நீ எவ்வளவு வெறுத்தாய். இருட்டு விலகுமுன் எழுந்து, குளிரில் நின்று, பேரைக் கூப்பிட்டால் "ஐயா" என்று கத்த வேண்டும். மாடா நாம் என்று கேட்பாய். எனக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு நாள் உன் பேருக்குப் பதில் வரவில்லை என்றால் பேர் கூப்பிடுகிற தண்டல் நிமிர்ந்து பார்ப்பார், பக்கத்து நிரைக்காரி, எங்கே அந்தப் பையன் என்று கேட்பாள், காய்ச்சல் என்றால் மத்தியானத்துக்குள் யாராவது கஞ்சி கொண்டுவருவார்கள். அந்தப் பெரிய ஊரில் உன் பேரை யார் கூப்பிடுகிறார்கள்? நீ ஒரு வாரம் காணாமல் போனால் யார் கேட்பார்கள்? வெளியூரில் இருக்கிறவனுக்குக் கதவுக்குப் பூட்டு வேண்டும், காகிதத்துக்குப் பை வேண்டும், அதெல்லாம் சரி. அதற்கெல்லாம் முன்னால் ஒரு பெரட்டு வேண்டும். மண்ணடியில் காதரின் கடை இருக்கிறது. தினமும் காலையில் போய் முகத்தைக் காட்டு. ஒரு டீ குடி, குடிக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ வராத நாளில் ஓர் ஆள் தெருவை எட்டிப் பார்க்கவேண்டும். எனக்கு அது போதும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதை மட்டுமாவது கேள். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. அந்த ஆள் உன் கடிதங்களைப் பிரிக்கிறானோ என்னவோ என்று காதர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் இதை உன்னிடம் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை கீழே தெருவில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இந்த நிமிஷம் அவர் கீழேதான் நிற்கிறார். சன்னல் இருந்தால் எட்டிப் பார். நீ பெட்டியை எடுக்கவேண்டாம். பெட்டியைத் தூக்கினால் எங்கே என்று கேட்பான். பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் கேட்டு அவன் முன்னால் நிற்கவும் வேண்டாம். நின்றால் பேசுவான், பேசினால் நீ உருகிவிடுவாய். தாள் போனால் போகிறது. உன் தங்கச்சி, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள், தோட்ட ஆபீசுக்குத் தனியாகப் போய்க் கிராணி முன்னால் நின்று, நீ இங்கே பிறந்து வளர்ந்தவன் என்று துரை கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிவந்திருக்கிறாள். அது காதரிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முதலில் போலீஸில் சொல்லுங்கள், பிறகு பெர்மிட் ஆபீசுக்குப் போங்கள். கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் கிடைக்கவே கிடைக்காது. வெட்கமாக இருக்கிறது என்று நினைக்காதே. ஏமாந்த கதையை இங்கே யாரும் கேட்கப் போவதில்லை. நான்தான் கேட்பேன், ஒரு வருஷத்துக்கு விடாமல் கேட்பேன், அதை நீ இங்கே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்.

இது தங்கச்சி. அம்மா மீனை அடுப்பில் ஏற்றிவிட்டார், கடிதம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். ஒட்டப் போகும்போது அப்பா வேலையிலிருந்து வந்தார். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணனுக்கு ஏதாவது எழுதணுமாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா சொன்னார். அம்மா சொன்னதையெல்லாம் மாற்றி எழுதினேன், இதை மட்டும் மாற்றவில்லை, அப்பா சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீ படியெறங்குறப்ப அவன் பின்னாடிலேருந்து கூப்புடுவான். தமிழ்லதான் கூப்புடுவான். திரும்பிப் பாக்காதய்யா."